விஜயதசமியின் முதல் அடி

அந்த மின்விசிறியை யாராவது பார்த்தால் தேவலை, மேடம். தலைக்கு மேலே ஓடுகிற பொருள் இப்படி ஒரு பக்கமாக ஆடக் கூடாது. மேலே கொக்கியில் ஒரு வாஷர் தேய்ந்திருக்கும், வேறொன்றும் இருக்காது. வேங்கிக்காலில் இத்தனை பெரிய கலெக்டர் ஆபீஸைக் கட்டிவிட்டு இதை ஒருத்தரும் கவனிக்கவில்லை என்றால் என்ன சொல்வது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது, அதனால் சொன்னேன். ஒரு ஸ்டூல் கிடைத்தால் நானே சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தயார் செய்த விசாரணை அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. டாக்டர் சம்பந்தமூர்த்தியின் மனைவி மங்களாம்பிகை அம்மாள் எங்கள் மிஷினில் சிகிச்சை எடுத்து இறந்துபோனதற்கு இரண்டு காரணம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று டாக்டரின் மேற்பார்வைக் குறைவு. இன்னொன்று தரக் கண்காணிப்பாளர் பலராமனின் கவனக்குறைவு. டாக்டருக்கு லைசென்ஸ் போகும், எனக்கு வேலை போகும். போகட்டும். அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லியிருக்கிறார்கள், சிடுமூஞ்சி என்று சொல்லியிருக்கிறார்கள். கவனமில்லாதவன் என்று இந்தத் திருவண்ணாமலையில் ஒருத்தர் சொன்னதில்லை.

எங்கள் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் நீலக் கோடு. ஜனங்கள் அதைக் கல்லு வண்டி என்பார்கள். சிறுநீரகத்தில் கல் வந்தால் உடம்பைக் கிழிக்காமல், வெளியிலிருந்தே அதிர்வலையை அனுப்பிக் கல்லைத் தூளாக்குகிற மிஷின் அதற்குள் இருக்கிறது. தொண்ணூற்று மூன்றில் டாக்டர் அதை வாங்கினார். அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஆட்கள் வேலூருக்கோ மெட்ராஸுக்கோ ஓட வேண்டும், இல்லையென்றால் வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்துவிட்டுத் தரையில் உருள வேண்டும். டாக்டர் மிஷினையே ஊர் ஊராக அனுப்பினார். போளூர், ஆரணி, செங்கம் என்று வண்டி சுற்றிவிட்டு அவருடைய நர்ஸிங் ஹோம் வாசலுக்குத் திரும்பி வரும். பௌர்ணமிக்கு மட்டும் ஓய்வு. கிரிவலக் கூட்டத்தில் எந்த வண்டி நகரும்.

நான் அடி அண்ணாமலைக்காரன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வீட்டு டிவியைச் சரிசெய்யப் போன இடத்தில், திருகுகளையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே நான் ஒரு துணியில் அடுக்கி வைத்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னோட வந்துடறியா, பலராமா?" என்றார். மெட்ராஸுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார். தரக் கண்காணிப்பாளர் என்று ஒரு பேட்ஜ் செய்து அவர் கையாலேயே குத்திவிட்டார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது விளங்கும். நோயாளி கட்டிலில் படுப்பார். தண்ணீர் நிரப்பிய ரப்பர் பை ஒன்று விலாவோடு ஒட்டி நிற்கும். அதற்கு அடியிலிருந்து அதிர்வலை கிளம்பி, உடம்புக்குள் ஒரே ஒரு புள்ளியில் போய்க் குவியும். அடி விழுவது அங்கேதான். அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டுவதற்கு எக்ஸ்ரே. எக்ஸ்ரே கை வளைந்து மேலே நிற்கும். டிவியில் கல் தெரியும், நடுவில் ஒரு பிளஸ் குறி தெரியும். கட்டிலை நகர்த்திக் கல்லை அந்தக் குறிக்குக் கொண்டுவந்து பொத்தானை அழுத்த வேண்டும். குறியும் அடி விழுகிற புள்ளியும் ஒன்றாக இருக்கும் வரை பயமில்லை. எக்ஸ்ரே கை கொஞ்சம் நகர்ந்துவிட்டாலும் டிவியில் குறி கல்லின் மேலேயே நிற்கும், அடி மட்டும் வேறு எங்கோ விழும். டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிற டாக்டருக்கு அது தெரியவே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்வது என் வேலை. எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அந்தப் பவுடரைக் குழைத்துக் கோலிக்குண்டு அளவில் உருட்டிக் காயவைப்பேன். தினமும் காலையில் ஓர் உருண்டையை ரப்பர் பைக்கு மேலே தண்ணீர் டப்பாவில் தொங்கவிட்டு, டிவியில் பிளஸ் குறிக்குக் கொண்டுவந்து, அடிப்பேன். உருண்டை மாவாகிவிட்டால் மிஷின் சரி. முழுசாக இருந்தால் அன்றைக்கு வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். எக்ஸ்ரே கையின் திருகை இறுக்கி, அது நகர்ந்தால் தெரிவதற்காக மூட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடும் போட்டிருந்தேன். என் மனைவி ஆதிலட்சுமியின் நகப்பூச்சு. பெயிண்டைவிட அது நன்றாக ஒட்டும்.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்புவார். "ஆச்சா, பலராமா?" என்பார். "ஆச்சு சார்" என்பேன். அதற்குப் பிறகுதான் பொத்தானில் விரல் வைப்பார். நோயாளி யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வராமல் அந்த வண்டியில் ஒரு கல்லும் உடைந்ததில்லை.

இப்போது விஜயதசமி. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிடுவோம். அன்றைக்கு மிஷினைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத் திரும்பவும் வேலை தொடங்கும். நேரம் குறித்துக் கொடுப்பவர் டாக்டரின் அண்ணன், கோயிலில் குருக்கள். அன்று முதல் ஆளாகப் படுப்பதற்கு ஜனங்களுக்குள் அப்படி ஒரு போட்டி இருக்கும். விஜயதசமியின் முதல் அடி வாங்கிய கல் மாவாகிவிடும், ஜென்மத்துக்கும் திரும்ப வராது என்று ஊரில் ஒரு பேச்சு. டாக்டர் கேட்டுச் சிரித்துக்கொள்வார். நானும் சிரித்துக்கொள்வேன். ஏனென்றால் விடிந்ததும் விடியாததுமாக நான் உருண்டையை உடைத்து முடித்திருப்பேன். முதல் அடி எந்த வருஷமும் நோயாளிக்குப் போனதில்லை, என் உருண்டைக்குத்தான் போயிற்று. அதை நோயாளிகளிடம் சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

ஆதிலட்சுமிக்குக் கல் வந்தது தொண்ணூற்றாறில். கிரிவலப் பாதையில் எங்கள் வீட்டு வாசலிலேயே அவள் மோரும் சர்பத்தும் விற்பாள். பௌர்ணமி என்றால் மதியத்திலிருந்து நின்ற கால் நிற்க ஊற்றிக்கொண்டே இருப்பாள். நடக்கிற சனத்துக்கெல்லாம் ஊற்றுவாள், தான் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க மாட்டாள். "இவ்ளோ தண்ணிய வெச்சிக்கினு குடிக்காம கீறியே, கல்லு வராம இன்னா வரும்?" என்று நான் திட்டுவேன். "வந்தா வரட்டும், எம் புருஷன்தான் கல்லு ஒடைக்கிற ஆபீசராச்சே" என்பாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். நானும் அவளும் மட்டும்தான் வீட்டில். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

வலி எடுத்து அவள் சுருண்டபோது டாக்டரே படம் எடுத்துப் பார்த்தார். சின்னக் கல்தான், ஒரே தடவையில் போய்விடும் என்றார். "விஜயதசமிக்கு இந்த வருஷம் நம்மாத்து மனுஷி முதல்ல படுக்கட்டும்" என்றார். காசு கீசு பேச்சே இல்லை.

அந்த ஆயுத பூஜையில் டிரைவர் கருப்பன்தான் மிஷினைத் துடைத்தான். எக்ஸ்ரே கைக்குப் பின்னால் தூசு இருக்கிறது என்று திருகைத் தளர்த்தித் துடைத்துவிட்டுத் திரும்ப இறுக்கியிருக்கிறான். இறுக்கியவன் என் சிவப்புக் கோட்டின் மேலேயே சந்தனத்தை அப்பி வைத்துவிட்டான். அதைக் கருப்பன் அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னானா இல்லையா என்பது இப்போது முக்கியமில்லை.

விஜயதசமி காலையில் குறித்த நல்ல நேரம் முடிய அதிக நேரம் இல்லை. டாக்டர் வந்தார், எலுமிச்சம்பழம் வைத்தார், கற்பூரம் காட்டினார். அந்த அவசரத்தில் உருண்டைச் சோதனை நடக்கவில்லை. அதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை. வண்டி யாருடையதோ, நேரத்தை அவர்தானே கொடுக்க வேண்டும். ஆதிலட்சுமி புதுப் புடவையை மாற்றி ஆஸ்பத்திரி கவுன் போட்டுக்கொண்டு, தலையில் வைத்த பூவை மட்டும் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்துப் படுத்தாள். டிவியில் பிளஸ் குறி கல்லின் மேலே அழகாக நின்றது. நானும் பார்த்தேன். "சுண்டி வுடற மாதிரிதான் கீது, இதுக்கா இவ்ளோ பயந்தாங்க?" என்று சிரித்தாள். பாதிக்கு மேல் போனபோது, "கொஞ்சம் மேல குத்துதுங்க" என்றாள். டாக்டர் உடனே நிறுத்தினார். நிறுத்தி என்ன பிரயோசனம். சாயங்காலம் வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. வேலூருக்குக் கொண்டு போனோம். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டாள். டாக்டரும் அதே வண்டியில் இருந்தார். அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். உருண்டையைத் தொங்கவிட்டு அடித்தேன். குறி உருண்டையின் மேலேயே நின்றது. உருண்டை முழுசாக இருந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் டாக்டர். அவரும் உருண்டையைப் பார்த்தார், சந்தனத்துக்கு அடியில் இரண்டாகப் பிரிந்து கிடந்த சிவப்புக் கோட்டையும் பார்த்தார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதே, பலராமா" என்றார். "போனவ திரும்பி வரப்போறதில்லை. நீ வேலையைப் பாரு."

ஊருக்கு அவர் சொன்னது வேறு. லட்சத்தில் ஒருத்தருக்கு இப்படி ஆகும், உடம்பு வாகு, ரத்தம் உறையவில்லை என்று சொன்னார். ஒரு வார்த்தை என்னைப் பற்றிப் பேசவில்லை. மடியில் கனம் இல்லாதவர் எதற்காக மூடி மறைக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. கொன்றது அவர்தான். கொன்றுவிட்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நான் அஞ்சு வருஷம் பொறுத்துக்கொண்டேன். வேறு ஒருத்தனாக இருந்தால் ஒரே மாதத்தில் அரிவாளை எடுத்திருப்பான்.

மங்களாம்பிகை அம்மாளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆதிலட்சுமி போன பிறகு தினமும் மதியம் எனக்கு அந்த வீட்டிலிருந்து கேரியர் வந்தது. மிளகு ரசம், வாழைக்காய்ப் பொடிமாஸ், வெள்ளிக்கிழமை என்றால் பாயசம். வெளியூரில் வண்டி நின்றால் காலையிலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். "ஒண்டியா சமைச்சுண்டு என்னத்தை திம்பே, வாங்கிக்கோ" என்பார்கள். கைமணம் அருமையாக இருக்கும். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் கேரியரைக் கழுவித்தான் கொடுப்பேன். ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு வயிறு எரிந்தது. டாக்டருக்கு இலை போட்டு, பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் சாதம் என்று கேட்க ஆள் இருந்தது. அங்கே மிஞ்சியது எனக்குக் கேரியரில் வந்தது. என் வீட்டில் விளக்குப் போடக்கூட ஆளில்லை. அவரும் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அவரைச் சாகடிக்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியப்போகிறது.

அந்த அஞ்சு வருஷமும் மிஷின் எப்படி ஓடியது என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அடி தவறியதாக ஒரு புகார் கிடையாது. ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைக்கிற வேலையைக் கருப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். உருண்டையை ஒன்றுக்கு இரண்டாக உடைத்துப் பார்ப்பேன். நகப்பூச்சு பாட்டிலில் காய்ந்துபோனதைக் கரைத்துக் கரைத்து அந்தக் கோட்டைப் புதுப்பித்தேன். பாண்டிச்சேரியிலிருந்துகூட ஆட்கள் வந்து நான் செய்வதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்டர் அவர்களிடம், "என் மிஷினை நான் நம்பறதில்லை, பலராமனைத்தான் நம்பறேன்" என்று சொன்னார். எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷம், இரண்டாயிரத்து ஒன்றில், ஆவணி மாதம் மங்களாம்பிகை அம்மாளுக்கு இடுப்பில் வலி வந்தது. இடது பக்கம் கல். டாக்டர் என்னிடம் படத்தைக் காட்டி, "வேலூருக்கு அழைச்சுண்டு போயிடலாம்னு பாக்கறேன். சொந்த ஆம்படையாளுக்கு நானே பண்ண மனசு வரலை" என்றார்.

"நம்ம வண்டிய நாமே நம்பலன்னா ஊர்ல எவன் சார் நம்புவான்?" என்றேன். "நான் இருக்கேன் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். அதே பரிதாபப் பார்வை. பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் சொன்னதைத் தட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். என்னை நம்பவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதை வைத்துத்தான் கேட்டேன்.

நாள் குறிக்கும்போது விஜயதசமி என்று சொன்னதும் நான்தான். இரண்டு காரணம். ஆயுத பூஜைக்குத் துடைத்ததில் திருகு தளர்ந்து கை நகர்ந்துவிட்டது என்று பின்னால் எல்லாரும் சொல்வார்கள், அது ஒன்று. இன்னொன்று உங்களுக்குச் சொல்லாமலேயே புரியும். டாக்டர் தயங்கினார். அம்மாள்தான் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்கள்: "எந்த நாளா இருந்தா என்ன? ஆனா எனக்கு இந்த முதல் அடி கிதல் அடியெல்லாம் வேண்டாம். பாவம் அந்த ஆதிலட்சுமிக்கு ஆனது போறும். பலராமன் உருண்டையை உடைச்சுப் பாத்துட்டு, சரின்னு சொன்னப்புறம்தான் நான் படுப்பேன்."

அப்படியே செய்தேன், மேடம். கவனக்குறைவு என்கிறீர்களே, கேளுங்கள். விஜயதசமி காலையில் முதல் உருண்டை குறியிலேயே மாவானது. மிஷின் அவ்வளவு துல்லியமாக இருந்தது. நான் திருகைத் தளர்த்தி, எக்ஸ்ரே கையைக் கொஞ்சம் நகர்த்தி, திரும்ப இறுக்கினேன். இரண்டாவது உருண்டை ஓரத்தில் மட்டும் பெயர்ந்தது. அது போதாது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஆதிலட்சுமி அன்றைக்கு மேலே குத்துகிறது என்று கை வைத்துக் காட்டிய இடம் எனக்கு ஞாபகம் இருந்தது. குறியில் ஓர் உருண்டை, குறிக்கு இரண்டு விரற்கடை மேலே ஓர் உருண்டை, இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டேன். அடித்தேன். குறியில் இருந்தது அப்படியே இருந்தது. மேலே இருந்தது புகை மாதிரி தண்ணீரில் கரைந்துவிட்டது. ஒரு தடவை சரியாக வந்தால் அது தற்செயலாக இருக்கலாம் என்று மெட்ராஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் இன்னொரு தடவையும் செய்து பார்த்தேன். பிறகு, கோடு பிரிந்தது டாக்டர் கண்ணில் படக் கூடாது என்று, பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடைசிச் சொட்டு நகப்பூச்சில் புதுக் கோடு போட்டேன். அதற்கு மேல் ஒரு சோதனையை யாராலும் செய்ய முடியாது.

அம்மாள் வந்து படுத்தார்கள். "என்ன பலராமா, உருண்டையெல்லாம் உடைச்சுப் பாத்துட்டியோ?" என்று கேட்டார்கள்.

"உடைச்சாச்சுங்கம்மா. முதல் அடி உங்களுக்கு இல்ல" என்றேன்.

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. உடைத்துத்தான் பார்த்தேன்.

டாக்டர் கையுறை போட்டார். என் பக்கம் திரும்பினார். "ஆச்சா, பலராமா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மாள் முனகினார்கள். "ஏண்ணா, மேல வலிக்கறது" என்று டாக்டரிடம் சொன்னார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் டிவியைக் காட்டினேன். "கல்லு மேலயேதான் நிக்குது சார். நகரவேயில்ல. இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். அவர் டிவியைப் பார்த்தார். குறி கல்லின் மேலேயேதான் நின்றது. அவர் திரும்பவும் பொத்தானில் விரலை வைத்தார். அவர் கையாலேயே வைத்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் அஞ்சு வருஷம் அந்த ரசத்தைச் சாப்பிட்டேன்.

அம்மாளும் அதே ரோட்டில்தான் போனார்கள். ஆனால் வேலூர் போய்ச் சேர்ந்து, ஒரு ராத்திரி இருந்து, மறுநாள் காலையில்தான் உயிர் போயிற்று. அதில் மட்டும் கணக்கு சமமாக வரவில்லை. மற்றதெல்லாம் சமம்தான்.

இப்போது டாக்டர் தனியாகத்தான் சாப்பிடுகிறார். சாப்பிடுவதே இல்லை என்று கருப்பன் சொல்கிறான். பார்க்க ஆள் பாதியாகிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இருந்தது. அப்படித்தான் இருந்தது, உங்களிடம் அவர் என்ன சொன்னார் என்று கேள்விப்படும் வரை. "பலராமன் சோதனை பண்ணினான். அவன் மேல தப்பே இல்லை. பூஜைக்குத் தொடைச்சதுல திருகு தளர்ந்து, சோதனைக்கு அப்புறம் நகர்ந்திருக்கும். அவ வலிக்கறதுன்னு சொன்னப்பவே நான் நிறுத்தியிருக்கணும், இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்று சொன்னாராமே. அவர் என்னைக் காப்பாற்றுகிறாராம். யாருக்கு வேண்டும் இந்தத் தயவு. இரண்டாம் தடவையாக எனக்குப் பிச்சை போடுகிறார். அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே இன்றைக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தரக் கண்காணிப்பாளர் பலராமன், தெரிந்தே, திட்டமிட்டு, முழுக் கவனத்தோடு மங்களாம்பிகை அம்மாளைக் கொன்றான். அதில் கையெழுத்துப் போடுகிறேன். போலீஸைக் கூப்பிடுங்கள், நான் எங்கும் ஓடப் போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், நான் சொன்னதை முழுவதுமாக டாக்டரிடம் படித்துக் காட்டுங்கள். எதற்காகச் செய்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் என்மேல் பரிதாபப்படட்டும் பார்க்கலாம்.

ஏன் மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

என்ன கேட்டீர்கள்? ஆமாம், ஒவ்வொரு தடவையும் கேட்பார் என்று சொன்னேன். என் வாயிலிருந்து வார்த்தை வராமல் ஒரு கல்லும் உடைந்ததில்லை என்றும் சொன்னேன். அதில் என்ன சந்தேகம்.

ஆதிலட்சுமி படுத்திருந்தபோதும் கேட்டாரா என்று கேட்கிறீர்கள்.

கேட்டார். கையுறை போட்டுக்கொண்டு, வழக்கம்போல் என் பக்கம் திரும்பித்தான் கேட்டார். அதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று சொன்னேன் அல்லவா. உண்மையில் அன்று விடியற்காலையிலேயே நான் உருண்டையை எடுத்து வைத்துவிட்டேன். ஆதிலட்சுமிதான் விடவில்லை. முதல் அடி உருண்டைக்குப் போகிற கதையை உலகத்தில் அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஊரையெல்லாம் ஏமாத்தற மாதிரி என்னையும் ஏமாத்தப் பாக்கறியா? நெசமான மொத அடி எனக்குத்தான் வேணும்" என்று என் கையிலிருந்து உருண்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சிரித்துக்கொண்டேதான் செய்தாள். ஒரு நாள்தானே, மிஷின் சரியாகத்தானே இருந்தது என்று நானும் விட்டுவிட்டேன். கருப்பன் திருகைத் தளர்த்தினேன் என்று சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஆச்சு சார்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அதை எழுத வேண்டாம், மேடம். அது இந்தக் கேஸில் வராது. பேனாவைக் கீழே வையுங்கள். டாக்டருக்கு அது தெரியும், தெரிந்துதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை, அதையே நீங்கள் யோசித்துப் பாருங்கள். தான் கட்டிய மனைவி படுத்திருக்கும்போது ஒருத்தன் ஆச்சு என்று சொன்னால் அப்படியே நம்பிவிடுவதா? எவ்வளவு படித்தவர், எத்தனை பெரிய டாக்டர். தவறு அவருடையதுதான். அவர் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும்.